மாமனார் வெட்டிய பேக்கிங்

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எங்கள் பிரஸ்ஸில் முதலில் கேட்பது, பிள்ளையார் படம் எத்தனை தினுசு இருக்கிறது என்று. அடுத்தது, தங்க எழுத்து கையில் ஒட்டுமா என்று. பிற்பாடு எனக்கு மாமனாராக வாய்த்த அந்த மனிதர், மாதிரி அட்டை ஒன்றைக் கையில் வாங்கியதும் கேட்டது இதுதான்:

"இது டீசல் தாங்குமா தம்பி?"

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கிளியனூர், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். "கல்யாணப் பத்திரிகை எதுக்குங்க டீசல் தாங்கணும்?" என்று கேட்டேன். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு இருமல் மருந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து, அட்டையின் ஒரு மூலையை உள்ளே முக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பாட்டிலில் இருந்தது டீசல். பிரஸ் முழுக்க பெட்ரோல் பங்க் வாடை அடித்தது.

"ஊறுது. ஆனா உப்பல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு உலர்ந்த மூலையைக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்துப் பார்த்தார். எங்கள் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார்.

"கல்யாணம்லாம் ஒண்ணும் இல்லிங்க. அஞ்சு எச்.பி. இஞ்சினுக்குப் பேக்கிங் வெட்டணும்."

இஞ்சினில் இரண்டு இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில், எண்ணெயோ காற்றோ கசியாமலிருக்க, நடுவே காகிதத்திலோ அட்டையிலோ வெட்டிய ஒரு வளையத்தை வைத்து முடுக்குவார்கள். கடை பில்லில் அதற்கு கேஸ்கட் என்று பெயர். எங்கள் பக்கத்தில் பேக்கிங். விழுப்புரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கடை மாலை மாலையாகத் தொங்கும். மாமனாரின் ஊர் கெடார். அங்கிருந்து பஸ் ஏறி, விழுப்புரத்தில் அந்தக் கடைகளையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து, திண்டிவனம் வரை வந்து, எங்கள் பிரஸ்ஸில் வெட்டித் தள்ளிய கழிவு அட்டையை ஒரு மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு போவார். கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பஸ் டிக்கெட்டே பேக்கிங் விலைக்கு மேல் ஆகும்.

"கடைப் பேக்கிங்கு ஊருக்கெல்லாம் பொது. நம்ப இஞ்சினுக்கு நம்பதான் வெட்டணும்" என்பார். தன் பிள்ளைக்குத் தானேதான் சோறு ஊட்டவேண்டும் என்று அடம்பிடிக்கிற தாய்மார்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

அவர் வெட்டுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரும்பின் முகத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அதன்மேல் அட்டையை வைத்து உள்ளங்கையால் அழுத்துவார். அட்டையில் அச்சு விழும். பிறகு சின்னச் சுத்தியால் விளிம்போடு விளிம்பாகத் தட்டிக்கொண்டே போவார். இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டிக் கொடுத்துவிடும். போல்ட் போகிற ஓட்டைக்கு மட்டும் சைக்கிள் சக்கரத்து இரும்பு பால்ஸ் குண்டு ஒன்றை ஓட்டையின்மேல் உட்காரவைத்து ஒரே தட்டு. அந்தக் குண்டு எப்போதும் அவர் வேட்டி மடிப்பில் இருக்கும். தட்டியதும் உள்ளேயிருந்து விழும் சின்ன வட்டத்தை எடுத்து, பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் நெற்றியில் கிரீஸோடு ஒட்டிவிடுவார். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். வங்கியிலிருந்து விவசாயக் கடன் விஷயமாக வந்த ஆபீசர்கூட ஒருமுறை பொட்டோடு திரும்பிப் போயிருக்கிறார்.

இவ்வளவு சொல்வதால் அவரை ஒரு மேதை என்று நினைத்துவிடக் கூடாது. அவர் வெட்டிய பேக்கிங் அநேகமாக ஒழுகும். கெடாரில் யாருடைய மருந்தடிக்கும் ஸ்பிரேயர் கரும்புக் கொல்லைக்குள் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதைத் தரையிலிருக்கும் எண்ணெய்க் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். யாராவது வந்து, "அண்ணே, நீ போட்ட பேக்கிங்கு ஒழுவுது" என்றால் அவர் முகம் சுருங்கிவிடும். இஞ்சினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கசிந்த இடத்தை விரலால் தொட்டு, மோந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"ஒழுவல. வேர்க்குது."

வேர்ப்பதற்கும் ஒழுகுவதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "வேல செஞ்சா வேர்க்காதா? உனுக்கு வேர்க்காதா?" என்றார்.

ஒரு தடவை பாதுஷா வந்த ஸ்வீட் பாக்ஸின் அடியட்டையை வெட்டி இஞ்சின் ஹெட்டுக்கே போட்டுவிட்டார். ஹெட் என்பது நெருப்பாகக் காய்கிற இடம், அங்கே காகித அட்டை நிற்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த அட்டையின் கனம் அவரை மயக்கிவிட்டது. இஞ்சின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நெய் வாசனை கிளம்பித் தெரு முழுக்கப் பரவியது. யார் வீட்டு விசேஷம், நமக்கு ஏன் சொல்லவில்லை என்று நாலைந்து வீட்டுக்காரர்கள் சண்டைக்குக் கிளம்பி, வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையின் மோட்டார் கொட்டகையில் முடிந்தார்களாம். இது என் மாமியார் சொன்னது. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் அட்டை என்று சொல்லக்கூடிய பொருள் எதுவும் முழுசாக இருந்ததில்லை. தினசரி காலண்டர் பின்னட்டை இல்லாமல் தாள் கட்டாக ஆணியில் தொங்கும். காற்று பலமாக அடித்தால் பொங்கல் முடிந்து நேரே ஆடி மாதம் வந்துவிடும். புதுச் சட்டை வாங்கினால் காலருக்குள் இருக்கும் அட்டை முதலில் அவர் கைக்குப் போகும், சட்டை பிறகுதான் உரியவருக்குப் போகும். என் மனைவி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கொண்டுபோன பரீட்சை அட்டையில் ஸ்பிரேயர் இஞ்சின் வடிவத்தில் ஓர் ஓட்டை இருந்ததாம். அந்த இடம் வந்தால் பேனா தாளைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். "ஓரமாவே எழுதி, ஓரமாவே பாஸ் பண்ணேன்" என்பாள்.

செல்போன் வந்து அவருடைய வயிற்றில் அடித்தது. ஒரு சொந்தக்காரர் மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார். மாமனார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழைக்கிறதா இருந்தா ஒழுங்கா அழைக்கணும். இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை.

இரண்டு வருஷம் போல அட்டை வாங்க வந்துபோனவர், ஒரு நாள் கட்டிங் மெஷின் ஓரமாக நின்றுகொண்டு எங்கள் வீட்டு விவரமெல்லாம் விசாரித்தார். அடுத்த மாதம் ஜாதகம் வந்தது. நல்ல வேலை, அடக்கமான பையன் என்றுதான் பெண் கொடுக்கிறார்கள் என்று என் அம்மா கிளியனூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் கெடாரில் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. "பையன் பிரஸ்ல இருக்கான். அட்டைக்குப் பஞ்சமே வராது." பெண் பார்க்கப் போனபோது அம்மா கொண்டுபோன ஸ்வீட் பாக்ஸை அவர் இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கி, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இனிப்பை மட்டும் தட்டில் கொட்டி உள்ளே அனுப்பினார். என்ன மரியாதை தெரிந்த குடும்பம் என்று அம்மா பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டுப் பத்திரிகையையும் நானே அடித்தேன். அட்டை அவர் தேர்வு: முன்னூறு ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு. ஒருபக்கம் அச்சு, பின்பக்கம் வெறும் வெள்ளை. மிச்சமாகும் பத்திரிகை வீணாகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிழை பார்க்க அனுப்பிய முதல் பிரதியை அவர் படிக்கவில்லை. மடித்தார், நிமிர்த்தினார், "அருமையா இருக்குது மாப்ள" என்று திருப்பிக் கொடுத்தார். படித்தது என் மாமியார்தான். அவருக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: தன் தம்பியின் பெயர்.

என் மாமியாரின் தம்பி பனமலைக்காரர். ஊரில் மரியாதைப்பட்ட மனிதர். தோளில் பட்டுக்கரைத் துண்டு இல்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். பெண்ணுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கம் முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன்தான் பெண்ணின் நெற்றியில் பட்டம், அதாவது நூலில் கோத்த தங்கத் தகடு, கட்டவேண்டும். அவர் கட்டாமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். அதனால் பத்திரிகையில் அவர் பெயர் தனி வரியில், தடித்த எழுத்தில், ஊர்ப் பெயரோடு வரவேண்டும் என்று மாமியார் போனில் மூன்று தடவை சொன்னார். அப்படியே போட்டேன்.

முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய்க் கொடுக்கவேண்டும். கிளம்பும்போது மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு ஒரு நாளாவது மனுசனா வாங்க. அந்தப் பை வந்துதுன்னா நான் வரல." மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில், சுத்தியும் அட்டைக் கட்டும் இருந்த பையை வீட்டில் விட்டுவிட்டு, மொபட்டில் மாமியாரை உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார்.

பனமலை ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மொபட் இருமி இருமி நின்றுவிட்டது. கார்பரேட்டர் சேரும் இடத்தில், அவரே எப்போதோ வெட்டிப் போட்ட பேக்கிங் கிழிந்து காற்று இழுத்துவிட்டது. மாமியார் தட்டை ஒரு மதகுக் கட்டைமேல் வைத்துவிட்டு, பக்கத்துக் கொல்லையில் ஓடிய பம்புசெட்டில் தண்ணீர் குடிக்கப் போனார். மாமனார் நாலு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை மல்லாட்டைச் செடி. ஒரு பீடிக்கட்டு அட்டைகூட இல்லை. பிறகு தட்டைப் பார்த்தார்.

இனி நான் சொல்லவேண்டியதில்லை. சுத்திக்குப் பதில் ஒரு கருங்கல் ஜல்லி. ஓட்டைக்கு வேட்டி மடிப்பிலிருந்த பால்ஸ் குண்டு. வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்துத்தான் வெட்டினார், அந்தப் பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் நினைவிலேயே இல்லை. வெட்டி முடித்ததும் திருப்பிப் பார்த்து, தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பெயர்கள் பக்கம்தான் ஓட்டை, பெயர்தான் நிறைய இருக்கிறதே என்று திருப்தியாகி, பத்திரிகையை உறைக்குள் போட்டுத் தட்டில் வைத்துவிட்டார். மொபட் முதல் மிதியிலேயே கிளம்பியது. கார்பரேட்டரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஈரம்கூட இல்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு பேக்கிங் அமைந்ததே இல்லை.

"ஜல்தியா ஆயிடிச்சே, எதுல வெட்டினீங்க?" என்று மாமியார் கேட்டாராம்.

"அட்டைலதான்" என்றாராம். அது பொய் இல்லைதான்.

பனமலையில் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பனமலைக்காரர் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, பத்திரிகையை எல்லோரும் கேட்க உரக்கப் படிக்கத் தொடங்கினார். தேதி படித்தார், மண்டபம் படித்தார். தன் பெயர் வரவேண்டிய இடத்தில் சத்தம் நின்றது. அந்த ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டார். விரல் அந்தப் பக்கம் வந்தது.

"அக்கா, இங்க என் பேரு இருக்கணும். வெரல்தான் இருக்குது."

மாமியார் மெதுவாகத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தார். மாமனாருக்கு அப்போதும் நிலைமை புரியவில்லை. முகம் பூரித்துச் சொன்னார்: "பேரு எங்கியும் போவல மச்சான். வண்டில பத்திரமா இருக்குது. ஒரு சொட்டு ஒழுவல, நீயே வந்து பாரேன்."

பனமலைக்காரர் போய்ப் பார்க்கவில்லை. "ஊருக்கெல்லாம் முழுப் பத்திரிகை, எனுக்கு மட்டும் ஓட்டையா? பொறந்த வூட்டு மரியாத இதானா அக்கா? பட்டம் கட்ட வேற ஆளப் பாத்துக்குங்க" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர்களில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்கே இரண்டு தலைமுறை பேசாமல் இருந்தவர்கள் உண்டு. இங்கே அச்சான பெயரை வெட்டியெடுத்து, மீதியை மஞ்சள் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் மனிதர். விஷயம் கேட்ட அன்றே பனமலைக்காரர் பெயரைத் தங்க எழுத்தில், இன்னும் பெரிதாகப் போட்டு ஒரு புதுப் பத்திரிகை அடித்துப் பெரியவர்களிடம் கொடுத்தனுப்பினேன். அது பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. கூடவே ஒரு சேதியும் வந்தது: "புதுசு அடிச்சா ஆச்சா? வெட்டுன பேர எடுத்தாந்து எங் கையில குடுக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு சின்ன விஷயம்! இரண்டு போல்ட்டைக் கழற்றவேண்டும், பேக்கிங்கை எடுக்கவேண்டும், கொடுக்கவேண்டும். ஆனால் மாமனார் மாட்டேன் என்றுவிட்டார்.

"இத்தினி வருசமா வெட்டுறேன் மாப்ள. வேர்க்காத பேக்கிங்கு இது ஒண்ணுதான். பிரிச்சா மறுபடி அப்பிடி உக்காராது."

"மாமா, கல்யாணம் நின்னுடும்."

"நிக்காது. அவன் கோவம்லாம் நாலு நாளு."

நாலு நாள் போனது, நாற்பது நாள் போனது, கோபம் போகவில்லை. தம்பி கையால் பட்டம் ஏறாமல் தன் பெண் கழுத்தில் தாலி ஏறாது என்று மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். கடைசியில் பெண்ணே அப்பாவின் எதிரில் போய் நின்று கேட்டாள்: "எம்மா பேஜாரு பண்றப்பா நீ! உனுக்கு என் கல்யாணம் பெருசா, அந்தப் பேக்கிங்கு பெருசா?"

அவர் யோசித்தார். அவர் யோசித்ததைத்தான் என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

கல்யாணம் விழுப்புரத்தில். முகூர்த்தத்தன்று காலையில் மாமனாரைக் காணவில்லை. போன் போட்டால் மணப்பெண் அறையில் சார்ஜரில் கிடந்து அடித்தது. நாதஸ்வரக்காரர் தெரிந்ததையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. ஐயர் கைக்கடிகாரத்தை என் கண்ணில் படும்படி திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பெண் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஹோமப் புகையில் உட்கார்ந்து அழுதேன். புகையால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், ஆனால் அது பயத்தில் வந்த அழுகை.

அதே நேரத்தில் பனமலையில் நடந்ததை இரண்டு பேரும் என்னிடம் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

மாமனார் மண்டபத்திலிருந்து ஒரு தட்டும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு விடியும்போதே மொபட்டில் கிளம்பியிருக்கிறார். பனமலைக்காரர் தலைக்குக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கே கிளம்பிவிட்டாய் மச்சான் என்று கேட்டதற்கு, "கொல்லைக்குத் தண்ணி கட்டப் போறேன்" என்றாராம். பட்டு வேட்டியில். பட்டம் வாங்கி வைத்திருந்த சின்னப் பெட்டி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்ததை மாமனார் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. அந்த நாகரிகம் அவருக்கு உண்டு.

மொபட்டை ஸ்டாண்டு போட்டு, கார்பரேட்டரைக் கழற்றினார். பேக்கிங்கை நகத்தால் சுற்றிச் சுற்றி நெம்பி, கிழியாமல் எடுத்தார். அதற்கு நேரம் பிடித்தது. எடுத்ததை வெற்றிலைமேல் வைத்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"ஏத்துக்குங்க மச்சான். உங்க பேரு."

மச்சானை அவர் ங்க போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பனமலைக்காரர் அந்தக் கறுப்பு வளையத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய்க்கு அடியில் தன் பெயரைத் தேடிப் பிடித்துப் படித்தார்.

"நடுவுல ரெண்டெழுத்தக் காணோமே."

"அந்த வழியாத்தான் மச்சான் பெட்ரோல் போவணும்."

பனமலைக்காரர் ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெளம்பு, நேரமாவுது" என்றார்.

கிளம்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. பனமலைக்காரரின் மனைவியும் மகனும் திருவண்ணாமலை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முதல் நாள் மாலையே வீட்டு பைக்கில் எங்கள் ரிசப்ஷனுக்கு வந்துவிட்டார்கள். மேடையில் என்னோடு போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். பஸ் அப்போதுதான் போயிருந்தது. இருந்த ஒரே வண்டி பேக்கிங் இல்லாத மொபட். மாமனார் சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்து, சந்தோஷமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நீ வெட்டி முடிக்கறதுக்குள்ள பொண்ணுக்கு வளகாப்பே வந்துடும். இத்தயே போடு" என்று பனமலைக்காரர் தன் பெயரை நீட்டினார்.

"பேரு?"

"பேரு கெடக்குது. போடு."

"எடுத்தத திருப்பிப் போட்டா வேர்க்கும் மச்சான்."

"வேர்த்தா வேர்க்கட்டும், போடுய்யா!"

வழியெல்லாம் வேர்த்தது. வண்டி நின்று நின்று வந்ததில் பனமலைக்காரர் இறங்கி இறங்கித் தள்ளினார். பட்டு வேட்டியெல்லாம் கறுப்பு. மண்டப வாசலில் இரண்டு பேரும் வந்து இறங்கியபோது வரவேற்பில் நின்றவர்கள் பந்தல் வேலைக்கு வந்த ஆட்கள் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினார்களாம். கை கழுவ நேரமில்லை. அப்படியே உள்ளே ஓடி, பனமலைக்காரர் பெண்ணின் நெற்றியில் பட்டத்தைக் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு, பட்டம் நழுவாமலிருக்கக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். வட்டமாக ஒரு கறுப்புக் கிரீஸ் பொட்டு விழுந்தது. மணவறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. அவ்வளவு அழகாக அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்ததில்லை, இதை எழுதியதற்கு அவள் என்னைத் திட்டுவாள்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அந்தக் கறுப்புப் பொட்டு இருக்கிறது. கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்று போட்டோக்காரர் சொன்னார். வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். ஆல்பத்தைக் காட்டச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். படங்கள் நூல் அவிழ்ந்து உதிரியாகத்தான் இருக்கின்றன. வந்த ஒரு மாதத்திலேயே ஆல்பத்தின் பின்னட்டையை மாமனார் வெட்டிவிட்டார்.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. கருமாதிப் பத்திரிகையை முன்னூறு ஜி.எஸ்.எம்.மில் அடித்தேன். யாரும் அதற்கு அந்தக் கனம் போடமாட்டார்கள். முதலாளி ஒரு பத்திரிகையை எடுத்து, மடித்துப் பார்த்து, மேஜைமேல் வைத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

காரியம் முடிந்ததும், மொபட்டைத் தனக்குக் கொடுக்கும்படி பனமலைக்காரர் கேட்டார். அவரிடம் இப்போது கார் இருக்கிறது. ஆனாலும் கடைத்தெருவுக்கு மொபட்டில்தான் போகிறார். போன மாதம் நானும் என் மனைவியும் பனமலை போயிருந்தோம். மொபட் நின்ற இடத்தில் ஒரு கைக்குட்டை அகலத்துக்குத் தரை கறுத்திருந்தது. ஒரு காகித அட்டை இத்தனை வருஷம் நிற்க நியாயமே இல்லை. உதவியாக இருக்கட்டுமே என்று விழுப்புரத்தில் ஒரு நல்ல கடைப் பேக்கிங் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். வண்டி ஓரமாக உட்கார்ந்து போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

பனமலைக்காரர் துண்டு கீழே விழுவதுகூடத் தெரியாமல் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"தொடாத மாப்ள!"

"ஒழுவுதுங்க மாமா."

அவர் குனிந்து கசிந்த இடத்தை விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒழுவல. வேர்க்குது."